காட்டுப்பள்ளிச் சாலையில் ஒரு செயினின் ஆயுள்

ஓட ஓட மோட்டார் சைக்கிளின் செயின் நீளமாகிறது. அட்ஜஸ்டரைத் திருகிப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறோம். ஒரு நாள் திருகுவதற்கு இடமே இருப்பதில்லை. எஞ்சின் இழுத்த இழுப்பில் இரும்பு நீண்டுவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். தேய்ந்த செயினிலிருந்து ஒரு பக்கத் தகட்டைத் தனியாகக் கழற்றி அளந்து பார்த்தால், அதன் இரு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஆலையிலிருந்து வந்தபோது இருந்ததுபோலவே இருக்கும். தகடு நீளவில்லை, நீளம் கூடியது மூட்டுகளில். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு புஷ். புஷ்ஷைச் சுற்றி, பல்சக்கரத்தின் பல்லில் வந்து உட்காரும் ரோலர். சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு 1880-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. பின்னும் புஷ்ஷும் ஒன்றின்மீது ஒன்று உரசித் தேயும்போது நடுவில் சிறிய இடைவெளி விழுகிறது. நூற்றுச்சொச்சம் மூட்டுகளின் இடைவெளிகள் ஒன்றுசேர்ந்து வெளியே தெரிவதைத்தான் செயின் லூசு என்கிறோம்.

நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய வண்டிகளில் இருப்பது 428 என்ற அளவுச் செயின். அதில் ஒரு மூட்டின் மையத்திலிருந்து அடுத்த மூட்டின் மையம் வரை 12.7 மி.மீ. ஆகவே 20 கண்ணிகளின் நீளம் சரியாக 254 மி.மீ. அதே 20 கண்ணி 259 மி.மீ. ஆகிவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும் என்பது பட்டறைக் கையேடுகளில் பரவலாகக் காணப்படும் வரம்பு. அதாவது ஒரு மூட்டுக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் செயினின் கதை முடிந்தது. அந்தக் கால் மில்லிமீட்டர் எத்தனை உரசலில் வருகிறது என்று ஒரு கணக்குப் போடலாம். பின் பல்சக்கரத்துக்கு 42 பல், செயினில் 110 கண்ணி, டயரின் சுற்றளவு 1.87 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் செயின் ஏறத்தாழ 200 முறை முழுச் சுற்று வந்துவிடும். ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை மடங்கவோ நிமிரவோ செய்கிறது: முன் பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், பின்னதிலும் அப்படியே. ஆக கிலோமீட்டருக்கு 800 மடக்கல். 20,000 கி.மீ. ஓடினால் 1 கோடியே 60 லட்சம். கால் மில்லிமீட்டரை இந்த எண்ணால் வகுத்தால், ஒரு மடக்கலுக்கான தேய்மானம் ஓர் இரும்பு அணுவின் விட்டத்தில் பதினாறில் ஒரு பங்குதான்.

அணுவைவிடச் சிறிய அளவில் இரும்பு உதிர முடியாது. எனவே இந்த எண்ணின் பொருள் இதுதான்: சராசரியாக ஒரு மடக்கலில் பரப்பின் பெரும்பகுதியில் எதுவுமே தேய்வதில்லை. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை உலோகத்தை உலோகம் தொடுவது அரிது. எப்போதாவது ஒரு கடினமான துகள் நடுவில் சிக்கும்போதும், எண்ணெய் வற்றிய இடத்தில் உலோகங்கள் நேராக உரசும்போதும் ஒரு கீறல் விழுகிறது. கீறல்களின் கூட்டுத்தொகைதான் அந்தக் கால் மில்லிமீட்டர். அப்படியானால் செயினின் ஆயுளைத் தீர்மானிப்பது ஓடிய தூரத்தைவிட, அந்தத் தூரத்தில் மூட்டுக்குள் எது நுழைந்தது என்பதே. இதைச் சோதித்துப் பார்க்கக் காட்டுப்பள்ளியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் தேடினாலும் கிடைப்பது கடினம்.

ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு, அதுதான் காட்டுப்பள்ளி. தெற்கே காமராஜர் துறைமுகம். அங்கே கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி வடசென்னை அனல்மின் நிலையத்துக்கும் வல்லூர் அனல்மின் நிலையத்துக்கும் போகிறது. எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் நீரோடு கலந்து குழாய் வழியே குளங்களுக்குப் போகிறது. குழாய் ஒழுகிய இடங்களில் அது ஆற்றங்கரையில் படிந்து, காய்ந்து, காற்றில் ஏறுகிறது. கன்டெய்னர் லாரிகளின் சக்கரங்கள் சாலையோர மணலையும் கரித்தூளையும் கிளப்பிக்கொண்டே இருக்கின்றன. கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. (2010 முதல் இதே காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுள்ள ஆலை இருக்கிறது. காற்றிலிருந்து பிரிக்க யாரும் ஆலை கட்டவில்லை.) துறைமுகத்துக்கும் மின் நிலையங்களுக்கும் ஷிப்டு வேலைக்கு வருகிறவர்களின் வண்டிகள் இந்தக் கலவைக்குள்தான் ஓடுகின்றன, வேலை முடியும்வரை அதிலேயே நிற்கின்றன.

இந்தப் பொருள்களில் நிலக்கரி மென்மையானது. அது மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை. சாம்பலும் மணலும் வேறு. மணலின் சிலிக்கா, கடினப்படுத்திய எஃகுக்கு ஏறக்குறைய ஈடான கடினம் கொண்டது. ஆனால் மணற்பொடியில் பெரும்பகுதி மூட்டின் இடுக்குக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. ரோலரையும் பல்லையும்தான் அது தேய்க்கும். சாம்பல் துகள்களோ ஒரு மைக்ரானிலிருந்து நூறு மைக்ரான் வரை எல்லா அளவிலும் வருகின்றன. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் சில பத்து மைக்ரான் வட்டாரத்தில்தான் இருக்கிறது. உள்ளே போகுமளவுக்குச் சிறிதும், போனபின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடுமளவுக்குப் பெரிதுமான துகளே அதிகம் கெடுக்கும். அந்த அளவில் துகள்கள் இங்கே காற்றிலேயே மிதக்கின்றன. சாம்பல் துகள் பெரும்பாலும் கண்ணாடி உருண்டை வடிவில் இருப்பதால் அது உருண்டுபோகுமே தவிர அறுக்காது என்று ஒருவர் மறுக்கலாம். பாதி உண்மை. உருண்டைகளோடு கூரான குவார்ட்சுத் துண்டுகளும் கலந்திருக்கின்றன. உள்ளீடற்ற உருண்டைகள் பின்னின் அழுத்தத்தில் நொறுங்கினால் அவற்றுக்கும் முனை முளைக்கும். உப்பு வேறு வழியில் வேலை செய்கிறது. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு எஃகைத் துருவாக்குகிறது; உதிரும் துருவும் ஓர் அரைப்பான். தங்க நகைக்கு மெருகேற்றப் பயன்படும் செந்தூளும் இதே இரும்பு ஆக்சைடுதான்.

தூசியைவிட இழுவிசைதானே முக்கியக் காரணம் என்று கேட்பவர்களுக்கு, அருகிலிருக்கும் திருவொற்றியூரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. பல தலைமுறை புல்லட்டுகள் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்தவை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் இரண்டு செயின்கள் உண்டு. ஒன்று எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போவது. மூடிய அலுமினியப் பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்தபடி ஓடும். மற்றது கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு, வெட்டவெளியில் போவது. பின்செயினைப் பலமுறை மாற்றிய வண்டியிலும் பெட்டிக்குள்ளிருக்கும் செயின் நெடுங்காலம் நீடிக்கும். ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், ஒரே சாலை. உள்செயின் இரட்டை வரிசை என்பதும், அதன் மேல் விழும் இழுவிசை குறைவு என்பதும் உண்மையே. கணக்கில் அவற்றைக் கழித்துவிட வேண்டும். ஆனால் அது எஞ்சினின் வேகத்திலேயே ஓடுகிறது. அதன் மூட்டுகள் பின்செயினைவிட மிக அதிக முறை மடங்குகின்றன. அவ்வளவு மடங்கியும் நீடிக்கிறது என்றால், அந்தப் பெட்டியும் அதற்குள் இருக்கும் சுத்தமான எண்ணெயும்தான் பெரிய காரணம் என்று கொள்வதே நியாயம்.

இதிலிருந்து முதலில் கிடைக்கும் முடிவு பலருடைய வழக்கத்துக்கு எதிரானது. செயின் சத்தம் போட்டால் மேலே எண்ணெய் விடுவதுதான் நம் பழக்கம். சாம்பலும் மணலும் ஒட்டியிருக்கும் செயின்மீது எண்ணெய் விடுவது, அம்மியில் மசாலாவுக்குத் தண்ணீர் தெளிப்பது போன்றது. அரைபடுவது இன்னும் நைசாகும். வெளியே ஒட்டியிருந்த துகளை எண்ணெய் கரைத்து இடுக்கு வழியே உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சத்தம் அடங்கிவிடுவதால் வேலை நடந்துவிட்டது என்ற நினைப்பு வேறு. எனவே துடைப்பது முதலில், எண்ணெய் பிறகு: மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு தகடுகளின் நடுப்பகுதியைத் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிட்டு, அதன்பின் எண்ணெய். எஞ்சினை ஓட விட்டுக் கியரில் சக்கரத்தைச் சுழற்றியபடி துடைக்கிறவர்கள் உண்டு. துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போன கதைகள் அப்படித்தான் உண்டாகின்றன. எஞ்சினை அணைத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் சுற்றினால் போதும்.

எஞ்சினிலிருந்து இறக்கிய வேஸ்ட் ஆயிலையே பட்டறைகளில் காலங்காலமாக விடுகிறார்களே, வண்டி ஓடத்தானே செய்கிறது என்பது அடுத்த மறுப்பு. ஓடும். வெறும் இரும்பைவிட வேஸ்ட் ஆயில் மேல்தான். ஆனால் அதில் எஞ்சினில் உதிர்ந்த உலோகத்தூளும் அமிலமும் கலந்திருக்கின்றன. தவிர அது மெல்லியது, ஓட்டத்தில் தெறித்து டயரில் படும். கிரீஸ் இதற்கு நேர்மாறு: கெட்டியாக இருப்பதால் மூட்டுக்குள் இறங்காது, வெளியே அப்பிக்கொண்டு சாம்பலைப் பிடித்து வைக்கும். கையேடுகள் பலவும் சொல்லும் 90 கியர் ஆயில் இரண்டுக்கும் இடையிலானது. அதை எங்கே விடுவது என்பதில்தான் பாதி பயன் இருக்கிறது. செயினின் கீழ்ப்பகுதியில், பல்சக்கரத்தைப் பார்த்த உட்பக்கமாக, உள்தகடும் வெளித்தகடும் சந்திக்கும் இடுக்கில் விட வேண்டும். ஓடும்போது சுழற்சி அதை வெளிப்புறமாக மூட்டுக்குள்ளேயே தள்ளும். ஓட்டி நிறுத்தியதும் செயின் சூடாக இருக்கும்போது விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, மேலே மிஞ்சியதைக் காலையில் துடைத்துவிடலாம். எண்ணெய் வேண்டிய இடம் மூட்டு; வெளியே மினுங்குவது தூசிக்கு விரித்த பாய்.

எவ்வளவு இடைவெளியில் இதைச் செய்ய வேண்டும்? பொதுவாகச் சொல்லப்படுவது 500 கி.மீ. திருவொற்றியூரிலிருந்து வல்லூர் வழியாகச் சுற்றிக் காட்டுப்பள்ளிக்குப் போய்வருகிறவருக்கு அது இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். ஆனால் உப்புக்குக் கிலோமீட்டர் தெரியாது. விடுமுறையில் ஒரு வாரம் ஓடாமல் கடற்காற்றில் நிற்கும் வண்டியின் செயினும் சிவக்கிறது. மழையில் நனைந்தாலோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் நின்றதுபோன்ற வெள்ளத்தில் சக்கரம் முங்கினாலோ, ஓடிய தூரத்தைப் பார்க்காமல் அன்றைக்கே கவனிக்க வேண்டும். முழுச் செயின் கவர் உள்ள வண்டிக்காரர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கலாம். கவர் பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. புல்லட்டின் பெட்டி காட்டுவதும் அதைத்தான். இருந்தாலும் புல்லட்டின் பெட்டியைப் போல அது அடைபட்டதன்று. நுண்ணிய சாம்பல் உள்ளே போகும், போன ஈரம் எளிதில் காயாது. கண்ணில் படாததால் மறந்துபோவதும் நடக்கிறது. ரப்பர் மூடியைக் கழற்றி விரலை விட்டு லூசு பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

பெரிய வண்டிகளில் வரும் ஓ-ரிங் செயின் இந்தச் சிக்கலுக்கு உண்மையான தீர்வு. தகடுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் வைத்து, ஆலையிலேயே கிரீஸை மூட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். அங்கே நாம் விடும் எண்ணெய் ரோலருக்கும் ரப்பருக்கும்தான். பெட்ரோலில் கழுவினால் ரப்பர் கெட்டு, கொடுத்த விலை வீணாகும். விலை அதிகம் என்பதாலும் கொஞ்சம் உரசல் கூடும் என்பதாலும் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் வைப்பதில்லை. செயினே வேண்டாம் என்று பெல்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. ஓசூரில் தயாராகும் ஏதர் ஸ்கூட்டர் பெல்ட்டில்தான் ஓடுகிறது.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். அப்போது எழும் வாக்குவாதம் எல்லாப் பட்டறையிலும் ஒன்றுதான்: செயினை மட்டும் மாற்றினால் போதாதா, பல்சக்கரங்கள் நன்றாகத்தானே இருக்கின்றன? தேய்ந்த செயினின் கண்ணி இடைவெளி 12.7 மி.மீ.யைத் தாண்டிவிட்டதால், ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி உட்கார்ந்து, பல்லைத் தன் அளவுக்குக் குடைந்து வைத்திருக்கும். சாய்ந்து கொக்கிபோல நிற்கும் பல்லைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நிலைக்கு வருமுன்பே குடைவு தொடங்கிவிடும். சரியான அளவுள்ள புதுச் செயினை அதில் மாட்டினால், சுமை எல்லாப் பற்களிலும் பரவாமல் ஓரிரு பல்லின் மேலேயே விழும். முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரம் இன்னும் மோசம். 14 பல் உள்ளது 42 பல் உள்ளதைவிட மூன்று மடங்கு சுற்றுவதால், ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று மடங்கு வேலை. செயின் கடைசியில் அறுந்தால் முன் பல்சக்கரத்தருகே சுருண்டு எஞ்சின் உறையை உடைக்கலாம், பின்சக்கரத்தைப் பூட்டிவிடலாம். பின்னால் கன்டெய்னர் லாரி வரும் சாலையில் அது நடக்கக் கூடாது. ஆகவே செயின் செட் முழுவதையும் ஒன்றாக மாற்றச் சொல்லும் மெக்கானிக் ஏமாற்றவில்லை. 1960-ல் தொடங்கிய அம்பத்தூரின் டிஐ டயமண்ட் செயினும், ரோலான் என்ற பெயரில் விற்கும் கோயம்புத்தூர் எல்ஜிபியும் தமிழ்நாட்டிலேயே இருக்கும்போது, பெயர் தெரியாத செயினை மாட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

மாட்டும்போது செயின் லாக்கின் கிளிப்பை மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கும்படி போட வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடும். இரு பக்க அட்ஜஸ்டர்களும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கீழ்ப்பகுதியின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. வரை மேலும் கீழும் ஆடுவது பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி, கையேடு சொல்வது இறுதி. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக டைட்டாக இருக்கும் இடத்தில்தான் இதை அளக்க வேண்டும். டைட்டாக வைத்தால் பாதுகாப்பு என்பது தவறான எண்ணம்: பள்ளத்தில் இறங்கிப் பின்சக்கரம் மேலேறும்போது பல்சக்கரங்களுக்கு நடுவே தூரம் கூடுகிறது, இடமில்லாத செயின் பேரிங்குகளை இழுக்கும்.

புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே லூசாவதைக் கண்டு மட்டமான சரக்கு என்று திட்டுகிறவர்கள் உண்டு. பின், புஷ் இரண்டின் பரப்பிலும் உள்ள நுண்ணிய மேடுகள் அப்போதுதான் சமனாகின்றன. ஒருமுறை சரிசெய்தால் பிறகு நெடுநாள் அடங்கி ஓடும். அதற்கு அப்புறம் அட்ஜஸ்டர் திருகிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இடைவெளிகள் ஒரே சீராக இருக்கும்வரை செயின் பத்திரம். அவை திடீரென்று குறுகத் தொடங்கினால், பின்னின் மேல்தோலாக இருந்த கடின அடுக்கு தேய்ந்து உள்ளிருக்கும் மென்மையான எஃகு வெளிவந்துவிட்டது என்று கொள்ளலாம்; 259 மி.மீ. வருமுன்பே புதுச் செட்டுக்குச் சொல்லி வைத்துவிடலாம்.