ஊசி குத்தினால் உடனே சொல்லுங்கள்

அரசு மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புச் செவிலியராக இருக்கிறேன். பயிற்சி நாளில் முன்வரிசையை டாக்டர்களுக்கு விட்டுவிடுவது வழக்கம். நான் தூய்மைப் பணியாளர்களை அங்கே உட்காரச் சொல்வேன். நாங்கள் போட்டுவிட்டு நகர்ந்த ஊசி கடைசியில் அவர்கள் கைக்குத்தான் போகிறது.

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி தரச் சொல்கின்றன. ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் போட வேண்டும். ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கும் இது உண்டு.

திரையில் படம் காட்டுவதைவிடப் பொருளை மேசையில் பரப்பினால் நன்றாகப் புரிகிறது. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், குளுக்கோஸ் டியூப் சிவப்பில், உடைந்த மருந்துக் குப்பி நீலப் பெட்டியில், துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் ஊசி.

"டியூபோடவே ஊசி வந்தா என்னம்மா பண்றது?" என்று ஓர் அக்கா கேட்டார். அந்தக் கேள்வி எங்களுக்கு உரியது. ஊசி போட்ட செவிலியரே கட்டிலருகிலேயே அதை அகற்றிவிட வேண்டும். குப்பையில் ஊசியைத் தேடும் வேலையை அந்த அக்காவிடம் தள்ளக் கூடாது.

பிளீச்சிங் கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அதோடு ஆசிட்டை எந்தக் காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அதிக நேரம் செலவிடுவது ஊசிக்குத்துக்குத்தான். தடுப்பூசி போடாதவர்களை ஹெபடைட்டிஸ் பி நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால் 100-க்கு 30 பேருக்கு வரை தொற்று வரலாம். எச்ஐவி என்றால் 1,000-க்கு 3 பேருக்கு. குத்திய இடத்தைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு என்னிடம் ஓடி வர வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் பலர் சொல்வதில்லை. திட்டுவார்கள், ஒருநாள் கூலி போய்விடும் என்ற பயம். அதனால் இந்த முறை சூப்பர்வைசர்களையும் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஊசிக்குத்துப் பட்டவரை உடனே என்னிடம் அனுப்ப வேண்டும், அன்றைய சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் அவர்களிடம் சொல்லப் போகிறேன்.