மாற்று எஞ்சின்: விலை மட்டும் கணக்கல்ல

பேசாலையில் மீன் ஏற்றும் பழைய வானொன்றின் எஞ்சின் கைவிட்டால், வேறு வாகனம் வாங்குவதா, வேறு எஞ்சின் பூட்டுவதா என்பதே முதலாளியின் முதல் கேள்வி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும் வரிச்சுமை பெரிது. ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் எஞ்சின் வாங்கி, வீட்டு முற்றத்திலேயே செயின் புளொக் கட்டி மாற்றுவது இலாபமாகத் தோன்றும்.

ஆனால் எஞ்சின் விலையோடு கணக்கு முடிவதில்லை. அதே இன எஞ்சினாயின் வேலை இலகு. பெற்றோலுக்குப் பதில் டீசல் என்றால் மவுண்ட், கியர்பொக்ஸ், ரேடியேட்டர், வயரிங் எனச் செலவு நீளும். கடற்காற்றும் மீன்பெட்டியில் வடியும் உப்புநீரும் அரித்த செசி, பாரம் கூடிய எஞ்சினைத் தாங்காது. முதலில் செசியைத் தட்டிப் பாருங்கள்.

அடுத்தது பத்திரம். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் உள்ளன. மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால் காப்புறுதியிலும் விற்பனையிலும் சிக்கல் வரலாம். 2022இல் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டதும் வாகனப் பதிவை வைத்தே. எனவே பற்றுச்சீட்டையும் சுங்கப் பத்திரப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

விற்கும்போது எஞ்சின் மாற்றியதை மறைக்க வேண்டாம். மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உள்ளதைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் உண்டு.