கேட்டவர் ஒருவர், பெற்றவர் ஒருவர்

எல்லை மாறிய ஊர்கள் – 9

1930-இல் பெங்களூரின் காக்ஸ் டவுனில் பிறந்து, பக்கத்து ஜீவனஹள்ளியிலேயே வாழ்ந்து முடித்த ஒரு தமிழரை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது அவர் ஆங்கிலேய ரெசிடென்டின் ஆட்சியில் இருந்த 'தண்டு' என்ற ராணுவக் குடியிருப்பின் குடிமகன். சுற்றிலும் மைசூர் மகாராஜாவின் நாடு. நடுவே பட்டாளத்துக்காக 1809-இல் உருவான இந்தத் தனித் தீவு. 1947 ஜூலை 26 அன்று தண்டு மகாராஜாவிடம் திரும்பியது. சுதந்திரத்துக்கு மூன்று வாரம்தான் மிச்சம். 1949-இல் தண்டும் பழைய நகரான பேட்டையும் ஒரே மாநகராட்சி ஆயின. 1956-இல் மைசூர் மாநிலம் இரட்டிப்புக்கு மேல் பெருத்தது. 1973-இல் அதன் பெயர் கர்நாடகம் என்றானது. மனிதர் அந்த வட்டாரத்தை விட்டு நகரவே இல்லை. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

கன்னடம் பேசும் பகுதிகளை ஒன்றிணைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

சென்ற இதழில் ருமேனியாவைப் பார்த்தோம். மால்டேவியா, வலாகியா இரண்டுக்கும் தனித்தனி மன்னர், தனித்தனி சபை என்று வல்லரசுகள் 1858-இல் பாரிஸில் எழுதிக் கொடுத்தன. இரண்டு மன்னரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று எழுத மறந்தன. மறு ஆண்டே இரண்டு சபைகளும் அலெக்சாந்த்ரு குசாவையே தேர்ந்தெடுத்துவிட்டன! ஆனால் 1862-இல் தலைநகர் புக்கரெஸ்ட் என்று முடிவானதும், ஒன்றிணைய முன்னின்ற மால்டேவியாவின் யாஷ் நகரம் மாகாண ஊராகச் சுருங்கியது. கர்நாடகத்துக்கும் ஒரு யாஷ் உண்டு. அதன் பெயர் தார்வாட்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்ததும், பங்காளிகள் சொத்துப் பிரிப்பதுபோல ஆங்கிலேயரும் நிஜாமும் அவர் நாட்டைக் கூறு போட்டார்கள். மிச்சம் மைசூர் அரச குடும்பமான உடையார்களுக்கு. 1818-இல் மராத்தியப் பேஷ்வா வீழ, தார்வாடும் பெல்காமும் பம்பாய் மாகாணத்துக்குப் போயின. மங்களூரும் பெல்லாரியும் சென்னை மாகாணத்தில். குல்பர்கா, ராய்ச்சூர், பீதர் நிஜாமிடம். குடகு தனி. இப்படி எங்கு போனாலும் கன்னடம் பேசுகிறவர் சிறுபான்மை. மைசூரில் மட்டும்தான் வீட்டுக்காரர்.

வலி யாருக்கோ, குரலும் அவர்களிடமிருந்துதானே வரும்? தார்வாட் பக்கம் பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் மராத்திதான் கோலோச்சியது. டெபுட்டி சென்னபசப்பா என்ற கல்வி அதிகாரி ஊர் ஊராகக் கன்னடப் பள்ளிகளைத் திறக்க வைத்தார். 1890-இல் அங்கே கர்நாடக வித்யாவர்த்தக சங்கம் பிறந்தது. ஆலூரு வெங்கடராவ் கன்னட நாட்டின் பழைய பெருமையை நூலாக எழுதி, ஒன்றிணைப்பை ஓர் இயக்கமாக்கினார். 1924-இல் பெல்காமில் காந்தி தலைமையேற்ற காங்கிரஸ் மாநாட்டின்போதே, சித்தப்பா கம்பளி தலைமையில் கர்நாடக ஒன்றிணைப்பு மாநாடும் கூடியது. இந்தக் கன்னடர்கள் எல்லோருமே வட கர்நாடகத்துக்காரர்கள்.

மைசூர்க்காரர்களோ தயங்கினார்கள். தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. கிருஷ்ணராஜ சாகர் அணை, பத்ராவதி இரும்பாலை, 1902-லேயே சிவசமுத்திர மின்சாரம், 1916-இல் சொந்தப் பல்கலைக்கழகம் என்று அது செழிப்பான சமஸ்தானம். வறண்ட வடமாவட்டங்களைச் சேர்த்துக்கொண்டால் நம் பணம் அங்கே போகும் என்று கணக்குப் பார்த்தார்கள். எண்ணிக்கையில் லிங்காயத்துகளின் கை ஓங்கிவிடும் என்று ஒக்கலிகத் தலைவர்கள் அஞ்சினார்கள். அதே ஒக்கலிகச் சமூகத்தைச் சேர்ந்த மைசூர் முதல்வர் கெங்கல் ஹனுமந்தையா மட்டும் தம் ஆட்களையே எதிர்த்துக்கொண்டு ஒன்றிணைப்பின் பக்கம் நின்றார்.

1953-இல் ஆந்திரம் பிரியப் போகிறது என்றானதும் பொறுமை தீர்ந்தது. ஹூப்ளி அருகே அதரகுஞ்சியில் சங்கரகௌடா பாட்டீல் உண்ணாவிரதம் உட்கார, ஹூப்ளியில் கலவரம் வெடித்தது. மாநில மறுசீரமைப்புக்கான பசல் அலி கமிஷன் 1955-இல் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பெங்களூரில் புதிய மாநிலத்தைத் தொடங்கி வைத்தார். முதல்வர் நாற்காலியில் நிஜலிங்கப்பா. சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவைப் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஹனுமந்தையா அதற்குச் சில மாதங்கள் முன்பே பதவி இழந்திருந்தார். கேட்டவர்களுக்கு மாநிலம் கிடைத்தது; மைசூர் என்ற பெயர் மாற மட்டும் இன்னும் 17 ஆண்டுகள் ஆயின.

தயங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது? தலைநகர். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பொதுத்துறைத் தொழிற்சாலைகள், பிறகு கணினி நிறுவனங்கள் எல்லாம் பெங்களூரைச் சுற்றியே குவிந்தன. இன்று நகரில் எந்தக் கட்டடம் எழும்பினாலும், மணல் சலிப்பவர்களிடம் ஊரைக் கேட்டுப் பாருங்கள். ராய்ச்சூர், யாத்கிர், கலபுரகி (பழைய குல்பர்கா) என்பார்கள். அவர்களுக்காகவே தெருமுனைகளில் கானாவளிகள் முளைத்திருக்கின்றன: கையால் தட்டிய சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், கடலைச் சட்னிப் பொடி. ஒன்றிணைப்பைக் கேட்ட மண்ணின் பேரப்பிள்ளைகள், அதைத் தயங்கி ஏற்ற ஊரில் நாள்கூலிக்கு நிற்கிறார்கள்.

அரசும் இதை உணராமல் இல்லை. பிராந்தியச் சமமின்மையை அளக்க நஞ்சுண்டப்பா குழு, 2008-இல் தார்வாடில் உயர் நீதிமன்றக் கிளை, 2012-இல் பெல்காமில் சுவர்ண விதான சௌதா, நிஜாமிடம் இருந்த ஹைதராபாத்-கர்நாடக மாவட்டங்களுக்கு அரசியல் சட்டத்தின் 371-ஜே பிரிவு என்று பரிகாரங்கள் வந்தபடிதான் இருக்கின்றன. ஆனாலும் வட கர்நாடகம் தனி மாநிலமாக வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. ஒன்று சேரப் போராடிய மண்ணிலிருந்தே பிரிவினைப் பேச்சு வருகிறதென்றால், 1956 கணக்கு இன்னும் தீரவில்லை என்றுதானே பொருள்?

நம் ஜீவனஹள்ளித் தமிழரின் கணக்கு வேறு. கேட்காமலே அவருக்கு ஒரு மாநிலம் வந்தது, அதன் வேலைவாய்ப்பும் வந்தது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரமும் வந்தது. அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் துணி போர்த்தி மூடிய திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை எழுந்தது. ஆயினும் சிவாஜிநகர் தண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போய்வருகிற குடும்பங்கள், நவம்பர் 1 அன்று ஆட்டோ ஸ்டாண்டில் சிவப்பு மஞ்சள் கன்னடக் கொடிக்கும் சந்தா கொடுக்கின்றன. ஒரு மாநிலத்தோடு ஒட்டுவது சட்டத்தால் ஒரே நாளில் நடக்கும். தெருவில் அதற்கு இரண்டு தலைமுறை ஆகும்.

அதே 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அங்கே கேட்டவர் யார், பெற்றவர் யார், விடுபட்டவர் யார்? அடுத்த இதழில் மார்ஷல் நேசமணி.