கழிவுநீர்க் கிணறும் நீர்மூழ்கிப் பம்பும்

2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சித்தூர் மாவட்டம் பலமனேரை அடுத்த மொரம் கிராமத்தில், கோழிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் எழுவர் மூச்சடைத்து மாண்டனர். துப்புரவுக்கென இறங்கியவர்களோடு, மயங்கியோரை மீட்க இறங்கியவர்களும் அவர்களுள் அடங்குவர். கழிவுநீர் தேங்கும் ஆழமான குழி எதுவாயினும் இவ்வாபத்து உண்டு. பம்பு பொருத்தப்பட்ட கிணறும் அதற்கு விலக்கன்று.

அத்தகைய கிணறுகள் இனிப் பெருகவே செய்யும். திருப்பதியிலிருந்து புத்தூர் வழியே சென்னை செல்லும் சாலையில் உள்ள வடமாலபேட்டை, 2022இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இதுபோன்ற சாலையோர ஊர்களில் விடுதிகளும் திருமண மண்டபங்களும் அடுக்கு வீடுகளும் எழும்போது, கழிவுநீரைத் தாழ்ந்த இடத்தில் சேர்த்து மேலேற்றி அனுப்பும் தேவை பிறக்கிறது. கழிவுநீர் சரிவை நம்பியே ஓடுகிறது. சரிவு முடியும் இடத்தில் பம்பு வேண்டும்.

முற்காலத்து உந்து நிலையங்களில் பம்பு தனி அறையில் நிறுவப்பட்டது. பழுது பார்க்க ஆள் ஆழத்திற்கு இறங்க வேண்டியிருந்தது. 1956இல் ஸ்வீடன் நாட்டு ஃபிளைக்ட் நிறுவனம் கழிவுநீரிலேயே மூழ்கி இயங்கும் பம்பை உருவாக்கியது. மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்து, இடையே எண்ணெய் அறையும் இரட்டை மெக்கானிக்கல் சீல்களும் நீர் புகாமல் காக்கின்றன. ஆயினும் இவ்வகைப் பம்பின் தலையாய பயன் வேறு. கிணற்றின் அடியில் ஒரு முழங்கைக் குழாய் நிலையாகப் பொருத்தப்படுகிறது. அதிலிருந்து மேல்வாய் வரை இரு வழிகாட்டிக் குழாய்கள் நிற்கின்றன. பம்பு அவற்றின் வழியே சங்கிலியில் இறங்கி, தன் எடையாலேயே முழங்கையில் இறுக அமர்ந்துகொள்கிறது. பழுதெனில் சங்கிலியை இழுத்தாற்போதும். ஓர் ஆணியைக் கழற்றக்கூட எவரும் கீழே இறங்க வேண்டுவதில்லை.

இவ்வழிகாட்டிக் குழாய்களும் சங்கிலியும் தாம் மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுகின்றன என்பது வருந்தத்தக்கது. பம்பை வெறுமனே கிணற்றில் இறக்கி, நெகிழ்குழாயை மாட்டிவிட்டாலும் நீர் ஏறத்தான் செய்யும். ஆனால் முதல் அடைப்பிலேயே ஓர் ஆள் இறங்க நேரிடும். வால்வுகளைக் கிணற்றுக்குள்ளேயே வைப்பதும் இதே தவறாகும். ஒருவழி வால்வும் அடைப்பு வால்வும் வெளியே, தனித்த ஆழமற்ற குழியில் இருத்தல் வேண்டும்.

கிணற்றின் அளவு ஊகத்திற்குரியதன்று. மோட்டார் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து கம்பிச்சுருள் சூடேறுகிறது. எனவே மணிக்கு இத்தனை முறைதான் தொடங்கலாம் என்று தயாரிப்பாளர் வரையறுக்கிறார். வரத்துநீர் பம்பின் திறனில் பாதியாக இருக்கும்போதுதான் தொடக்கங்கள் மிகுதி. நிமிடத்திற்கு 600 லிட்டர் இறைக்கும் பம்பு மணிக்கு 10 முறை தொடங்கலாம் எனக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 6 நிமிடம். 300 லிட்டர் வீதம் 3 நிமிடத்தில் நிறைந்து, அதே வேகத்தில் 3 நிமிடத்தில் வடிய வேண்டும். ஆகவே தொடங்கும் மட்டத்திற்கும் நிற்கும் மட்டத்திற்கும் இடையே 900 லிட்டர் கொள்ளளவு தேவை. இதினும் குறைந்தால் மோட்டார் விரைவில் கருகும். மிக அதிகமானாலோ கழிவு தேங்கி அழுகி நச்சுவாயு பெருகும். மோட்டாரைச் சூழ்ந்த நீரே அதனைக் குளிர்விப்பதால், நிற்கும் மட்டத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் கீழே இறக்கலாகாது.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியவை பல. மும்முனை மின்சாரத்தில் இரு முனைகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும்; நீர் குறைவாகவே ஏறும். எனவே இறக்குமுன் சுழற்சியைச் சோதிப்பது நன்று. கிராமப்புற மின்தொடரில் ஒரு முனை விடுபடுவது புதிதன்று. அவ்வேளை மோட்டாரைத் தானே நிறுத்தும் தடுப்புக் கருவி இன்றியமையாதது. நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் உயிர்காப்பவை. கேபிளில் இணைப்பு போட்டு நீருக்குள் விடுவதோ, கேபிளைப் பிடித்துப் பம்பைத் தூக்குவதோ கூடாது. பழுது பார்ப்பவர் மின்சாரத்தை நிறுத்திப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மிதவை சுவிட்ச் எந்நேரமும் மோட்டாரைத் தானாகவே இயக்கிவிடக்கூடும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து லட்சத்தில் ஏறத்தாழ நூறு பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குபவர் ஏமாறுவது இதனால்தான். மீத்தேனோ, காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்தால் ஒரு பொறியிலேயே வெடிக்கும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் ஆகவே இரட்டை ஆபத்து.

2013ஆம் ஆண்டுச் சட்டம் உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. சாக்கடை மரணத்திற்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாயும், 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயும் இழப்பீடாக விதித்தது. ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடும் அலுவலர், வழிகாட்டிக் குழாய், சங்கிலி, தூக்குக் கப்பி, மாற்றுப் பம்பு ஆகியவை ஒவ்வொன்றிலும் தனி இனங்களாக உள்ளனவா என்று முதலில் பார்த்து, அதன்பின் விலையைப் பார்ப்பது முறை.