விளையாட்டு விதியும் நடுவரின் கடமையும்

விதியின்றி விளையாட்டில்லை. சடுகுடு ஆடும் சிறுவர் முதல் சதுரங்கம் ஆடும் முதியோர் ஈறாக, ஆட்டத்தில் இறங்குவோர் யாவரும் முதற்கண் ஒப்புக்கொள்வன சில கட்டுப்பாடுகளே. ஆயினும் விதிகள் எல்லாம் ஓரினத்தன அல்ல. சதுரங்கத்தில் குதிரை செல்லும் வழி இன்னதென வரையறுக்கப்பட்டபின், அதன்மேல் வழக்காடுதற்கு இடமேது? அங்கு ஆட்டக்காரர் செய்யத்தக்கன யாவும் முன்னரே எல்லை கட்டப்பெற்றவை. இதற்கு மாறாக, ஆடுவோர் அடுத்து யாது செய்வர் என்பது ஆட்டத்தை இயற்றியவருக்கே தெரியாத விளையாட்டு ஒன்று உண்டு. அதில் விதிக்குப் பொருள் காண்பதும், விதிகளை ஒன்றோடொன்று சீர்தூக்கிச் சமன்செய்வதும் தனியொரு கலையாகும். அக்கலையின் இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று அதனைக் கூறலாம். நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடுவர் இடத்தையும் நிகழ்ச்சியையும் வருணிப்பார். மற்றையோர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வர். முடிவு ஐயத்திற்கு இடமாயின் பகடை உருட்டித் துணிவர். பகடை என்றவுடன் சூது என்று எண்ணற்க. இங்கே பணயம் இல்லை; வென்றவர், தோற்றவர் என்ற பிரிவும் இல்லை. எல்லோருங் கூடி ஒரு கதையை வாழ்ந்து பார்ப்பதே ஆட்டத்தின் பயன்.

இவ்வகை ஆட்டத்தில் நடுவருக்கு இத்துணை அதிகாரம் எங்கிருந்து வந்தது? பிரஷ்ய நாட்டுப் படைத்தலைவர்கள் பயின்ற போர்ப்பயிற்சி விளையாட்டினின்றும் வந்தது எனலாம். இளைய ரைஸ்விட்ஸ் என்னும் அதிகாரி 1824-ஆம் ஆண்டு அதன் விதிகளை வெளியிட்டார். அதில் நடுவர் ஒருவர் இருந்து, பகடையையும் அட்டவணைகளையும் கொண்டு சேதத்தைக் கணக்கிடுவார். நாளடைவில் விதிகள் பெருகி ஆட்டம் தளர்ந்தது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளை விலக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்புக என்று வற்புறுத்தினார். எழுத்தை நம்புவதா, ஆளை நம்புவதா என்ற அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் ஆட்டம் 1974-இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளின்பின், 1977-இல், இல்லினாய் மாகாணத்து நார்மல் என்னும் ஊரிலிருந்த கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் என்னும் நிலையத்தார், மார்க் மில்லர் இயற்றிய டிராவலர் என்னும் விண்வெளி ஆட்டத்தைக் கரிய அட்டையிட்ட மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். அந்நிலையம் 1996-இல் மூடப்பெற்றது. ஆட்டமோ பல பதிப்புகள் கண்டு நிலைத்துள்ளது. அதனையே ஈண்டு உதாரணமாகக் கொள்வோம்.

முதலில் பகடையின் கணக்கை அறிதல் வேண்டும். டிராவலரில் அறுமுகப் பகடைகள் இரண்டை உருட்டிக் கூட்டுவர். இரு பகடைகள் விழும் வகை 36. போரில் குறி தைப்பதற்கு அடிப்படையாக வைத்த எண் 8; எட்டோ அதற்கு மேலோ விழும் வகை 15. பயிற்சிக்காக ஓர் எண் கூட்டினால் ஏழு விழுந்தாலே போதும். அப்போது வகை 21 ஆகின்றது. ஒன்று என்னும் சிற்றெண் ஆறு வகைகளைச் சேர்த்துவிட்டது! ஆனால், பதினொன்று வேண்டிய இடத்தில் அதே ஒன்றைக் கூட்டினால், 3 வகை 6 ஆகுமேயன்றி வேறில்லை. நான்கு வேண்டிய இடத்தில் கூட்டினால் 33 வகை 35 ஆகும். ஒரே எண் ஓரிடத்தில் மலையாகவும் மற்றோரிடத்தில் கடுகாகவும் நிற்பதை அறியாத நடுவர், கருணையினாலோ கண்டிப்பினாலோ ஓர் எண்ணைக் கூட்டிக் குறைக்கும்போது, தாம் செய்வது இன்னதென அறியாமலே செய்கின்றார்.

இனி, அவ்வாட்டத்தில் மிகவும் பேர்பெற்ற விதியொன்றை நோக்குவோம். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்வாழ்க்கையும் பகடையால் உருவாக்கப்படும். பதினெட்டாவது வயதில் கடற்படை, தரைப்படை, வணிகம், ஆராய்வுப்பணி முதலியவற்றுள் ஒன்றிற் சேர்ந்து, நான்காண்டு கொண்ட பணிக்காலங்களாகக் கழித்து, அவ்வக்காலத்தில் திறமைகளை ஈட்டலாம். ஆயினும் ஒவ்வொரு பணிக்காலத்திலும் பிழைத்தற்குப் பகடை உருட்டவேண்டும். தவறின், பாத்திரம் இறந்தது. கதையில் அடியெடுத்து வைக்குமுன்னரே முடிந்தது! ஆராய்வுப்பணியினர் பிழைக்க வேண்டிய எண் 7. வலிய தேகபலம் உடையார்க்கு இரண்டு கூட்டப்படும். ஏனையோர் ஒரு பணிக்காலம் பிழைப்பது 36-இல் 21. நான்கு பணிக்காலமும் பிழைத்து வருவோர் நூற்றுக்குப் பன்னிருவர் அளவே.

இதனைக் கேட்போர் நகைப்பர். "ஆட வந்தவனை ஆடாமலே கொல்லும் விதி என்ன விதி?" என்று வினவுவர். இரக்கமுள்ள நடுவர் பலர் இதனை அடியோடு நீக்கியும் விடுவர். நீக்கியபின் விளைவது யாது? பணிக்காலந்தோறும் திறமை சேர்கின்றது, மரணபயமோ இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் இயன்ற மட்டும் பணியில் நீடித்து, திறமை மூட்டையோடு வந்து சேர்வர். முப்பத்துநான்காம் வயது முதல் முதுமையின் தேய்வு தொடங்குமெனினும், அது மெல்லிய தடையே. மேலும், பிழைத்தற்கு அரிய ஆராய்வுப்பணிக்கு ஈடாகவே, ஆண்டு சென்றபின் கப்பலொன்று கிடைக்கும் வாய்ப்பு முதலிய சலுகைகள் வைக்கப்பட்டன. இடரை நீக்கிச் சலுகையை மட்டும் வைத்தால், அப்பணியை விட்டு வேறொன்றை நாடுவார் யார்?

எனவே அவ்விதியின் நோக்கம் கொல்லுவதன்று, பேராசைக்குக் கடிவாளமிடுவதே. "இன்னும் நான்காண்டு இருப்பதா, இப்போதே வெளியேறுவதா?" என்று ஆட்டக்காரனை நெஞ்சறிந்து தெரியச் செய்வதே அதன் கருத்து. நோக்கம் இன்னதென்று தெளிந்தால் திருத்தும் வழியும் தானே புலனாகும். 1981-ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் இயற்றியோரே ஒரு மாற்று வழியை அளித்தனர்: பகடை தவறினால் பாத்திரம் இறவாமல், காயமுற்று, இரண்டாண்டு மட்டுமே பணியாற்றியதாகக் கொண்டு வெளியேறலாம் என்பது. கடிவாளம் நின்றது, உயிரும் தப்பியது. சுவரொன்றை இடிக்குமுன் அது எந்தக் கூரையைத் தாங்குகின்றது என்று பார்ப்பவனே நல்ல கொற்றன். வேதாகமம் பயின்ற மாணவர் எழுத்துக்கும் ஆவிக்கும் உள்ள வேற்றுமையை அறிவர். எழுத்தை மாற்றியும் ஆவியைக் காத்தல் கூடும் என்பதற்கு இஃது ஓர் எளிய சான்று.

ஒரு விதி பல விதிகளோடு பின்னிக் கிடப்பதற்கு மற்றோர் உதாரணம் வாணிகக் கணக்கு. அப்பதிப்பின்படி, சிறு வணிகக் கப்பல் ஒன்றின் விலை 3,70,80,000 கிரெடிட். கடனாக வாங்கினால் மாதந்தோறும் விலையில் 240-இல் ஒரு பங்கு, அதாவது 1,54,500, நாற்பதாண்டு கட்டவேண்டும். கப்பல் கொள்ளும் சரக்கு 82 டன். டன்னுக்குக் கூலி 1,000. மாதம் இருமுறை நிறைசரக்கோடு சென்றால் வருவது 1,64,000. தவணை போக மிஞ்சுவது 9,500. மாலுமிகள் நால்வரின் சம்பளம் 15,000. எரிபொருள் ஏறக்குறைய 25,000. மாலுமிகளின் அறைகளுக்கு மூச்சுக்காற்று முதலிய உயிர்காப்புச் செலவு 16,000. ஆகச் சரக்குக் கூலியை மட்டும் நம்பினால் மாதம் 46,500 துண்டு விழும்! பயணிகள் நிறைந்தால் கரையேறலாம். நிறையாத ஊர்களே மிகுதி. இவ்வளவு கடுமை ஏன்? கடன் நெருக்குவதனாலன்றோ கப்பலோட்டி இடருள்ள வேலைகளை ஏற்கின்றான்? அவ்வேலைகளே கதையாகின்றன. இரக்கப்பட்டுக் கடனைத் தள்ளிய நடுவர் கதையின் ஊற்றைத் தாமே அடைத்தவராவார்.

இதே கணக்கில் ஒரு வழக்கும் உண்டு. விண்மீன்களிடையே கப்பல்கள் 'தாவல்' என்னும் முறையாற் செல்லும்; ஒரு தாவலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம். எளிய கப்பல் ஒரு தாவலில் ஒரு பார்செக் செல்லும். வலியது இரண்டு, மூன்று, ஆறு வரையிலும் செல்லும். கூலியோ தாவலுக்கு இவ்வளவு என்பதன்றித் தூரத்துக்கு இவ்வளவு என்பதில்லை. வலிய கப்பலுக்குப் பொறி பெரிது, எரிபொருள் மிகுதி, சரக்கறை சிறிது. வரும்படி மட்டும் அதுவே. அவ்வாறாயின் வலிய வணிகக் கப்பலைக் கட்டுவார் யார்? தூரத்திற்கேற்பக் கூலி என்று பொருள்கொள்ளலாகாதா என்பர் சிலர். மூலத்தின் சொற்கள் தெளிவாயிருத்தலின் அங்ஙனம் பொருள்கொள்ளுதல் இயலாது. விதியை மாற்றலாம், ஆனால் மாற்றுவதைப் பொருள்கோடல் என்று பெயரிட்டு அழைத்தல் நேர்மையன்று. 2008-இல் இங்கிலாந்தின் மாங்கூஸ் பதிப்பகத்தார் வெளியிட்ட பதிப்பில் கூலி தூரத்திற்கேற்ப உயருமாறு வெளிப்படையாகவே மாற்றப்பட்டது. தம் மேசையில் அங்ஙனம் செய்ய விரும்பும் நடுவர் கடன் தவணையையும் உடன் கணக்கிடல் வேண்டும். கூலி இரட்டித்துக் கடன் மாறாதிருப்பின், மேற்சொன்ன நெருக்கடி ஒரே மாதத்தில் மறைந்துபோம்.

இனிச் சமன்செய்தல் என்பது யாது? எல்லாப் பாத்திரமும் ஒத்த வலிமை உடையனவாதல் என்று பலர் கருதுவர். டிராவலரில் இருபத்திரண்டு வயது இளைஞனும் நாற்பத்தாறு வயதுப் படைத்தலைவனும் ஒரே கப்பலில் ஏறுவர். அவர் திறமை ஒருபோதும் ஒத்திராது. ஒத்திருத்தல் வேண்டுவதும் இன்று. வேண்டுவது, ஒவ்வொருவரும் பேசுதற்குரிய வேளையும், அவர் தெரிந்தெடுப்பதனால் கதை மாறுதற்குரிய இடமும் கிட்டுதலே. படைத்தலைவன் ஒருவனே எல்லாவற்றையும் முடிக்கக் கண்டு மற்றையோர் கைகட்டி அமர்ந்திருப்பாராயின், எண்கள் எல்லாம் சரியாயிருந்தும் துலாக்கோல் சாய்ந்ததே.

இங்கே எல்லாவற்றினும் நுட்பமான வினா ஒன்று எழுகின்றது. சில நடுவர்கள் திரைக்குப் பின்னே பகடையை உருட்டி, நண்பனின் பாத்திரம் இறக்கும்போல் தோன்றினால், விழுந்த எண்ணை மறைத்து வேறு சொல்வர். அன்பினாற் செய்வதே, ஆயினும் அவ்வன்பு களவாடுவது மிகுதி. அந்நண்பன் பின்னொரு நாள் உண்மை உணர்வானாயின், இறவாத அத்தருணம் மட்டுமன்று, அதற்குமுன் அவன் பெற்ற வெற்றி ஒவ்வொன்றும் ஐயத்துக்குரியதாகின்றது. தன் துணிவால் வென்றதாக எண்ணியிருந்தவன், பிறர் தயவால் வென்றவனோ என்று தன்னையே கேட்டுக்கொள்வான். அக்கேள்விக்கு விடை கூற எவராலும் முடியாது. கருணை காட்டவேண்டுமாயின் பகடையை உருட்டுமுன் காட்டுக. "இது தவறினால் இறப்பு, வேண்டுமாயின் வேறு வழி தேடு" என்று முன்னரே உரைத்திடுக, இறப்புத் தகாதென்று கண்டால் உருட்டவே சொல்லாதிருக்க. உருட்டுமுன் இரக்கம், உருட்டியபின் உண்மை. இதுவே நடுவர்க்குரிய நடுவுநிலைமை.

விதி மௌனமாயுள்ள இடங்களும் பல. அங்கே நடுவர் தம் அறிவால் தீர்ப்புச் சொல்லல் வேண்டும். சொன்னதை ஓர் ஏட்டிற் குறித்தும் வைத்தல் வேண்டும். இன்று இராமனுக்கு எட்டு என்று வைத்ததை அடுத்த வாரம் யோவானுக்குப் பத்து என்று வைப்பாராயின், அது தீர்ப்பன்று, மனப்போக்கு. முன்பு சொன்னது பொருந்தாதென்று காணின், ஆட்டம் முடிந்தபின் அனைவரையும் கலந்து, இன்ன நாள் முதல் இவ்வாறு என்று மாற்றுக. ஆட்டத்தின் நடுவே, ஒருவனுக்கு நட்டம் விளையும் வேளையில், விதியை மாற்றுதல் ஒருபோதும் தகாது.

அன்பர்காள், மேசைமேல் நிகழும் இச்சிறு ஆட்டத்திற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என வினவலாம். நம்முள் சிலர் நாளை ஆசிரியராகவும், சிலர் நியாயாதிபதிகளாகவும், சிலர் பலர்க்குச் சம்பளம் நிர்ணயிக்கும் அதிகாரிகளாகவும் அமர்வோம். அப்போது நம் கையில் இருப்பனவும் பிறர் எழுதிய விதிகளே. எதிரில் இருப்போரும் நம் சொல்லை நம்பி வந்தோரே. விதியின் நோக்கத்தைத் தேடுதல், ஒன்றை மாற்றினால் மற்றெது சாயுமென்று கணக்கிடுதல், மாற்றுவதை வெளிப்படக் கூறுதல், விழுந்த எண்ணை மறையாதிருத்தல் ஆகிய நான்கையும் ஒருவன் நண்பரிடையே விளையாட்டாகப் பயில்வானாயின், அப்பயிற்சி வீண்போகாது.