தோல் ஜக்கற்றில் கத்தரிக்கோலை வைக்குமுன்

வில்லரேயில் வாழும் எம்மவருக்கு யூலை முதலாம் திகதியை விளக்கத் தேவையில்லை. வாடகை ஒப்பந்தங்களிற் பெரும்பாலானவை அதற்கு முதல்நாளுடன் முடிவடைவதால், அன்று மொன்றியல் நகரமே வீடு மாறுகின்றதோ என எண்ணத் தோன்றும். சென் டெனி வீதியின் இருமருங்கிலும் மெத்தைகள், கதிரைகள், தொலைக்காட்சிப் பெட்டிகள் எனப் பலவும் நடைபாதைக்கு வந்துவிடும். கடந்த கோடையில் அவ்வாறு வீடு மாறிய ஒருவரிடம் எமது அயல்வீட்டு இளைஞர் ஒருவர் 40 டொலர் கொடுத்துத் தோல் ஜக்கற் ஒன்றை வாங்கிவந்தார். கறுப்பு நிறம், கனத்த தோல், குறுக்காகச் செல்லும் சிப், தோளிலும் முழங்கையிலும் உள்ளே வைத்த தடுப்பு மெத்தைகள். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென்றே தைக்கப்பட்ட ஜக்கற் அது. இளைஞரும் அவ்வேளை மோட்டார் சைக்கிள் பயிற்சிக்குப் பதிவு செய்திருந்தார்.

ஜக்கற் பெரிதாக இருந்தது. தோள் தையல் இரண்டு விரல் கீழே இறங்கி நின்றது. கைகள் விரல் நுனிவரை நீண்டன. வெட்டித் தைத்தாற் சரிவரும் என்றார் தந்தையார். வெட்டக்கூடாது என்றார் தாயார். இருவருக்கும் இடையில் நியாயம் கூற எம்மை அழைத்தார்கள். பத்திரிகையில் எழுதுபவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எமது சமூகத்தில் இன்னும் அழியவில்லை.

உண்மையில் அவ்வீட்டில் அறிந்தவர் தாயாரே. சபனேல் வீதித் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் குளிர்காலக் கோட்டுகள் தைத்தவர் அவர். ஓரிரு பருவங்கள் தோற்பிரிவிலும் இருந்திருக்கிறார். இந்நாட்டிற்கு வந்த எம்மவர் பலருக்கு முதற் சம்பளத்தைக் கொடுத்த வீதி அது. 2005 ஆம் ஆண்டு சனவரியில் துணி இறக்குமதிக்கான ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபின் அங்குள்ள தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. இயந்திரங்கள் போயின, கைப்பழக்கம் மட்டும் எமது பெண்களிடம் எஞ்சியிருக்கிறது.

அவர் முதலிற் கேட்ட கேள்வி மிக எளிமையானது. "தம்பி, இது உனக்கு உடுப்போ, கவசமோ?"

இக்கேள்வி பொருளற்றதன்று. இவ்வகை ஜக்கற் உடுப்பாகப் பிறக்கவில்லை. இரசியாவிலிருந்து குடியேறிய ஒருவரின் பிள்ளைகளான ஏர்விங் ஷொட், ஜாக் ஷொட் சகோதரர்கள் 1913 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் மழைக்கோட்டுகள் தைத்து வீடுவீடாக விற்கத் தொடங்கினார்கள். 1928 இல் ஏர்விங் ஷொட் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கெனத் தோல் ஜக்கற் ஒன்றை வடிவமைத்து, தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரால் அதற்குப் பெர்பெக்ரோ எனப் பெயரிட்டார். அன்றைய விலை 5.50 டொலர். ஒரு பக்கத் தோல் மறுபக்கத்தின்மீது ஏறி மூடுவதாற் காற்று உட்புகாது. முன்குனிந்து ஓட்டும்போது சிப் வயிற்றின் நடுவே குத்தாது. 1953 இல் மார்லன் பிராண்டோ திரைப்படமொன்றில் இத்தகைய ஜக்கற்றை அணிந்து தோன்றியபின் உலகெங்கும் இளைஞர்கள் அதனை விரும்பத் தொடங்கினர். பின்னர் பாட்டுக்காரர்களும் அணிந்தார்கள். இன்று மோட்டார் சைக்கிளைத் தொட்டேயிராதவர்கள் அணிவதற்காக மெல்லிய தோலில் தைத்தவையும் கடைகளில் நிறைந்துள்ளன.

ஆகவே முதலிற் பார்க்கவேண்டியது தோலின் தடிப்பு. ஓட்டுநருக்கான தோல் பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மில்லிமீற்றர் வரை இருக்கும். அலங்கார ஜக்கற்றின் தோல் 1 மில்லிமீற்றருக்கும் குறைவு. பின்னையதை வெட்டித் தைப்பதிற் பணமும் துணிவும் மட்டுமே செலவாகும். முன்னையதில் வேறொன்றும் பணயம் வைக்கப்படுகிறது. விழுந்து தார் வீதியில் வழுக்கிச் செல்பவரின் தோலுக்கும் வீதிக்கும் இடையில் நிற்பது அந்த ஒன்றேகால் மில்லிமீற்றர்தான். அங்கே தோல் தேயுமுன் தையல் பிரிந்தால் தோலின் தரத்தால் எப்பயனும் இல்லை. ஐரோப்பாவில் 2020 இல் வெளியான ஈ.என். 17092 என்ற தரவிதி, ஓட்டுநர் உடைகளைத் தேய்வுக்கு மாத்திரமன்றித் தையலின் வலிமைக்கும் சோதித்தே வகுப்புப் பிரிக்கின்றது. தோளும் முழங்கையும் அதிலே மிகக் கூடிய ஆபத்துள்ள பகுதிகளாகக் கொள்ளப்படுகின்றன. எமது இளைஞருடைய ஜக்கற்றிற் பிழையாக நின்ற இடங்களும் அவையே.

துணி தைத்த பழக்கத்தால் தோலையும் தைத்துவிடலாம் என எண்ணுவோர் எம்மிடையே உண்டு. அவர்களுக்குத் தாயார் காட்டியதை நாம் இங்கே எழுதிவைக்கின்றோம். துணியில் ஊசி ஏறும்போது இழைகள் விலகி வழிவிடும். தையலைப் பிரித்தால் இழைகள் மீண்டும் சேர்ந்துகொள்ளும். தோலுக்கு இழையோட்டம் இல்லை. தோல் ஊசியின் முனை சிறு கத்தி போன்றது; அது வெட்டிய துளை ஒருபோதும் மூடாது. ஆகையால் குண்டூசி குத்திப் பார்ப்பதற்கும் இடமில்லை. கிளிப் போட்டோ பசை தடவியோதான் பிடிக்கவேண்டும். தையற்கால் மிக நெருக்கமாக இருந்தால் துளைகள் வரிசையாகி, தபால்தலையைக் கிழிப்பதுபோல அவ்வழியே தோல் கிழியும். பருத்தி நூல் தோலிலுள்ள பதனிடும் பொருட்களால் நாளடைவில் இற்றுவிடும். நைலோன் அல்லது பொலியெஸ்ரர் நூலே உதவும். மடித்த ஓரங்களைப் பசையிட்டுச் சுத்தியலால் தட்டிப் படியவைக்கவும் வேண்டும். வீட்டுத் தையல் இயந்திரம் இரண்டு மடிப்புவரை ஒருவாறு இழுக்கும்; நான்கு மடிப்பு வந்ததும் நின்றுவிடும். சிறிய ஜக்கற்றைப் பெரிதாக்குவதோ அநேகமாக முடியாத காரியம். உள்ளே விட்டுவைத்த தோல் மிகக் குறைவு. பழைய துளைகளும் வெளியே தெரியும்.

பின்னர் அவர் செய்த ஒரு காரியம் எமது கண்ணைத் திறந்தது. மகனைக் கண்ணாடியின் முன் நிறுத்தவில்லை. கதிரையைத் திருப்பிப்போட்டு அதன்மீது குதிரையில் இருப்பதுபோல் இருக்கச் சொன்னார். இரு கைகளையும் முன்னே நீட்டி, மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பிடிப்பதுபோற் கதிரையின் முதுகைப் பிடிக்கச் சொன்னார். விரல் நுனியில் நின்ற கை மேலேறி மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. கண்ணாடியின் முன் நின்றபடி அளந்து வெட்டியிருந்தால், ஓட்டும்போது மணிக்கட்டு வெளியே தெரிந்திருக்கும். ஓட்டுநரின் ஜக்கற் நிற்கும்போது நீளமாகத்தான் தோன்றவேண்டும் என்பதை அன்றுவரை நாமும் அறிந்திருக்கவில்லை.

ஆயினும் தோள் சரிவரவில்லை. கை மடித்தபோது முழங்கை மெத்தை பக்கவாட்டிற் சுழன்று, எலும்பை விட்டு விலகி நின்றது. தோள் மெத்தை மேற்கையில் இருந்தது. விழும் வேளையில் அவை அங்கே இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றே. இதைத் திருத்துவதாயின் உள்துணியை அவிழ்த்து, இரு கைகளையும் கழற்றி, தோளைக் குறுக்கி, கைக்குழியை மீண்டும் வெட்டி, தொழிற்சாலையில் இரட்டைத் தையல் போட்ட இடத்தில் மறுபடியும் அதே வலிமையுடன் தைக்கவேண்டும். தோல் வேலைக்கென்றே இருப்பவர்கள் இதைச் செய்வார்கள். ஆனால் கூலி 40 டொலரைப் பலமுறை விழுங்கிவிடும். பக்கத் தையலை இடுப்பிற் சிறிது பிடிப்பதும், சிப் மாற்றுவதும், உள்துணி மாற்றுவதும் இவ்வளவு கடினமானவையல்ல. சப்பாத்துத் திருத்தும் கொர்டோனியே கடைகள் சிலவும் அவற்றைச் செய்து தருகின்றன.

தந்தையார் உடனே இணங்கவில்லை. அவருடைய நியாயமும் எமக்கு விளங்காமலில்லை. 1990 இன் பின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராத காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவர். சாரமும் சேர்ட்டும் செருப்புமே அன்று அவருக்குக் கவசம். "நாங்கள் என்ன செத்தா போனோம்?" என்றார். தாயார் விடையளிக்கவில்லை. வீதியில் விழுவதைவிடப் பெரிய பயங்கள் இருந்த காலத்தில் எவரும் முழங்கை மெத்தையைப் பற்றிச் சிந்திக்கவில்லை என நாமே கூறவேண்டியதாயிற்று. இந்தக் கியூபெக்கில் தலைக்கவசத்தைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. ஜக்கற்றை ஓட்டுபவரின் அறிவுக்கு விட்டிருக்கிறது.

வீட்டிலிருந்த முதியவர் ஒருவர் வேறொன்றும் சொன்னார்: தோலைத் தைப்பது நமது வேலையா என்று. அதையும் மறைக்காமல் எழுதுகின்றோம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டு உலகெங்கும் அனுப்புபவர்கள் தமிழர்கள்தாம். ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் இலண்டன் சந்தைவரை பெயர்பெற்றிருந்தது. அத்தொழிலைச் சிலர்மீது சுமத்திவிட்டு, அவர்களையே தாழ்வாகப் பார்த்த பழக்கத்தையும் நாம் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்திருக்கின்றோம். சபனேலில் தோற்பிரிவுக்கு மணித்தியாலத்திற்குக் கூடுதலாகச் சிறிது கொடுத்தார்கள் என்று தாயார் சொல்ல, முதியவர் தேநீரைக் குடித்துக்கொண்டார்.

முடிவில் அந்த ஜக்கற் வெட்டப்படவில்லை. மெத்தைகளைக் கழற்றித் தனியே எடுத்துவைத்தார்கள். தோள் அகன்ற தந்தையாருக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோற் பொருந்தியது. கைகள் மட்டும் நீளம். அவர் ஓட்டப்போவதில்லையாதலால், தாயார் கைநுனியின் உள்துணியைப் பிரித்து, தோலை வெட்டாமல் உட்புறமாக மடித்துப் பசையிட்டு, உள்துணியை மட்டும் கையாலே மீண்டும் தைத்துக்கொடுத்தார். வேண்டுமாயின் நாளை அவிழ்த்துவிடலாம். தோலில் ஒரு துளைகூட இல்லை.

இளைஞர் கோடை முழுவதும் மிச்சம்பிடித்து, ஓட்டும் பருவம் முடியும் ஒற்றோபரில், விலை குறைத்திருந்த கடையொன்றில் தமது அளவுக்கேற்ற வேறொன்றை வாங்கினார். வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு கதிரை கேட்டாராம். தந்தையார் மற்றதை அணிந்துகொண்டு காலையில் ஜரி வீதியில் பேருந்துக்கு நிற்பதை நாம் காண்கின்றோம். பனி கொட்டத் தொடங்கினால் அது போதாது என்று தாயார் சொல்கிறார். அவர் கேட்பதாயில்லை.