நம்பேயோ வீட்டுக் கோடுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபர்ஸ்ட் மேசா என்னும் தட்டையான மலைமேட்டின் உச்சியில் ஹானோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1680இல் புவேப்ளோ பழங்குடி மக்கள் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அதன்பின் ரியோ கிராண்டே ஆற்றுப் பகுதியிலிருந்து வந்து ஹோப்பி மக்களிடையே குடியேறிய தேவா மக்களின் ஊர் இது. இவர்களைத்தான் ஹோப்பி-தேவா என்கிறோம்.

இங்கே பானை வனையச் சக்கரம் கிடையாது. மண்ணைத் திரிதிரியாக உருட்டி, சுற்றுமேல் சுற்றாக ஏற்றி, சுரைக்குடுக்கைத் துண்டால் சுரண்டிச் சமமாக்குகிறார்கள். பிறகு கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். பானையின் பளபளப்பு முழுக்க அந்தத் தேய்ப்பில் வந்ததுதான். மேற்பூச்சு ஏதும் இல்லை. கறுப்பு மைக்கு, கடுகு இனத்துக் காட்டுச்செடியைக் கூழாகக் காய்ச்சி, இரும்புத்தாதுக் கல்லோடு இழைக்கிறார்கள். யூக்கா இலைக் கீற்றின் நுனியை மென்று நாராக்கினால் தூரிகை தயார்.

சூளையும் இல்லை. திறந்தவெளியில், காய்ந்த செம்மறியாட்டு எருவை மூட்டிச் சுடுகிறார்கள். சாம்பல் நிற மண்ணில் உள்ள இரும்பு, சூட்டில் தேன் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாறும். ஒரே பானையில் நிறம் திட்டுத்திட்டாகக் கூடிக் குறைவது தீயின் வேலை. எனக்கு அதுவே இந்தப் பானைகளின் பேரழகு.

இனி ஓவியத்துக்கு வருவோம். ஹானோவில் பிறந்த குயக்கலைஞர் நம்பேயோ (1942இல் மறைந்தவர்), அருகே இடிந்து கிடந்த சிக்யாட்கி என்ற பழைய ஹோப்பி ஊரின் ஓடுகளில் இருந்த கோலங்களில் மனம் பறிகொடுத்தார். 1895இல் தொல்லியலாளர் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் அங்கே அகழாய்வு நடத்தியபோது வெளிவந்த கிண்ணங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டார். நூற்றாண்டுகளுக்கு முன் நின்றுபோன ஒரு மரபு, குடியேறி வந்தவர்களின் வழித்தோன்றல் ஒருவர் கையால் மீண்டும் உயிர்பெற்றது. அவர் பழையதை அப்படியே படியெடுக்கவில்லை. அகன்ற தோள்கொண்ட தாழ்வான பானைகளில் இறகையும் அலகையும் பிரித்துச் சேர்த்துப் புதிதாக அமைத்தார். அவர் குடும்பத்தின் அடையாளமாகிவிட்ட 'இடப்பெயர்வு' கோலத்தைக் கவனியுங்கள்: வளைந்து சுழலும் சிறகு வடிவங்கள், அவற்றின் இடையே மயிரிழைபோல் நெருங்கி ஓடும் இணைகோடுகள். அந்தக் கோடு ஒன்று பிசகினாலும் கண்ணில் உறுத்தும்.

முதுமையில் அவருக்குப் பார்வை மங்கியது. கைத்தடவலிலேயே பானை வனைந்தார். ஓவியத்தை வீட்டார் தீட்டினார்கள். மகள்கள் ஆனி, நெல்லி, ஃபேனி மூவருமே குயக்கலைஞர்கள் ஆனார்கள். கொள்ளுப்பேத்தி டெக்ஸ்ட்ரா குவாட்ஸ்குய்வா அதே கோலங்களைத் தன் போக்கில் விரித்துப் பெரும்புகழ் பெற்றார்.

அருங்காட்சியகத்தில் நம்பேயோவின் பானையைக் காண நேர்ந்தால் கையெழுத்தைத் தேடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பானைகளில் பெயர் பொறித்ததில்லை. கோடுகளைப் பாருங்கள்.